கரையில் இறுகும் ஸ்டீரிங்

நாகப்பட்டினத்தில் தினமும் உப்புத் தண்ணீரில் ஓடும் அவுட்போர்டு மோட்டார் ஒரு கையால் தள்ளினாலே திரும்பிவிடும். ஸ்ரீரங்கத்தில் காவிரித் தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்காத மோட்டார் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. கடலோரத்தில் தொழில் கற்றுக்கொண்டு திருச்சிக்கு வந்த புதிதில் இது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. உப்பு அலுமினியத்தை அரிக்கும், இரும்பில் துரு ஏற்றும், இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் இன்னும் வேகமாக வேலை செய்யும். உப்பே இல்லாத ஊரில் ஸ்டீரிங் ஏன் இறுக வேண்டும்?

கடல்காரரின் படகு நிற்பதில்லை. விடியுமுன் கிளம்பி, வலை இழுத்து, திரும்பி வந்து, மறுநாள் மறுபடியும் கிளம்பும். அந்த மோட்டாரின் கழுத்து ஒரு நாளில் எத்தனையோ முறை இடமும் வலமும் திரும்பிவிடுகிறது. கிரீஸ் உறைவதற்கு நேரமே கிடைப்பதில்லை. திருச்சியில் படகு நிற்கிறது. தகரக் கொட்டகையில், சித்திரை வெயிலில், ஒரே நிலையில் மாதக்கணக்காக நிற்கிறது. ஸ்டீரிங் இறுகுவது தண்ணீரில் நடப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். தண்ணீரில் நமக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான். இறுகுவது கரையில்.

இங்கே மோட்டார் படகு என்றால் பெரும்பாலும் மீட்புப் படகுதான். காற்றடைத்த ரப்பர் படகுகள், சில ஃபைபர் படகுகள். பின்பலகையில் 25, 30, 40 குதிரைத்திறன் மோட்டார்கள். ரப்பர் படகில் டில்லர் கைப்பிடி இருக்கும்; பின்னால் உட்கார்ந்து கையால் திருப்ப வேண்டும். ஃபைபர் படகில் காரில் உள்ளதுபோல முன்னால் ஸ்டீரிங் வீல் இருக்கும். அங்கிருந்து பக்கவாட்டுச் சுவரோடு ஒரு கேபிள் பின்னால் வரை ஓடும். எதுவானாலும் இந்த மோட்டாருக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. மோட்டாரே சுக்கான். 40 குதிரைத்திறன் மோட்டார் எழுபது கிலோவுக்கு மேல் எடை வரும். அத்தனையும் ஒரு செங்குத்துத் தண்டின் மேல் திரும்புகிறது. அந்தத் தண்டு பிடித்தால் படகே பிடித்தமாதிரி.

நம் ஆறுகள் ஓடும் விதத்தைப் பார்த்தால் கொட்டகையில் படகு ஏன் இவ்வளவு நாள் நிற்கிறது என்பது விளங்கும். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும், ஜனவரி 28-இல் மூடும். நடுவில் உள்ள நாலரை மாதம் அம்மா மண்டபம் படித்துறையில் நின்றால் மணல்தான் தெரியும். கொள்ளிடத்தின் கதை இன்னும் கடினம். முக்கொம்பு மேலணையில் காவிரி பிரியும்போது தெற்குக் கிளை பாசனத்துக்கு, வடக்கே கொள்ளிடம் வெள்ளத்துக்கு. உபரி நீர் வந்தால்தான் கொள்ளிடம் ஆறு. வராத வருஷங்களில் மணல்வெளி. ஸ்ரீரங்கத்தில் அதை வடதிருக்காவேரி என்று மரியாதையாகச் சொல்வார்கள். எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு, அதோடு பயமும் உண்டு. வருஷக்கணக்கில் வறண்டு கிடந்துவிட்டு ஒரே வாரத்தில் கரை தொட்டு ஓடும் ஆறு அது.

2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் தொடங்கி எட்டு வருஷம் மேட்டூர் ஒருமுறைகூட ஜூன் 12-இல் திறக்கவில்லை. 2018-இல் திறந்தது ஜூலை 19. அடுத்த சில நாளிலேயே அணை முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது. ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் தண்ணீரோடு போயின. பல வருஷ வறட்சிக்கும் இந்த இரவுக்கும் இடையில் படகுக்காரருக்குக் கிடைத்த நேரம் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் மோட்டார் ஸ்டார்ட் ஆகிறதா என்று எல்லோரும் பார்த்தார்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கி, கயிற்றை இழுத்து, புகை வந்ததும் திருப்தியாகிவிடுவார்கள். ஓடுவதைச் சோதிப்பவர்கள் திரும்புவதைச் சோதிப்பதில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத ஆதங்கம் இது.

வெள்ளத்தில் ஸ்டீரிங் பிடித்தால் என்ன ஆகும் என்பதைக் கரையில் நின்று கற்பனை செய்வது கஷ்டம். இறுகிய டில்லரைத் திருப்ப அதிக பலம் கொடுக்க வேண்டும். பலம் கொடுத்ததும் அது சட்டென்று விடுபட்டு, வேண்டியதைவிட அதிகமாகத் திரும்பும். சரிசெய்ய எதிர்ப்பக்கம் இழுத்தால் அங்கும் அதே கதை. படகு பாம்பு வளைவாகப் போகும். பாலத் தூணுக்குப் பக்கத்தில் நீர் சுழிக்கும் இடத்தில் ஒரு வளைவுக்குத்தான் இடம் உண்டு. 2024 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் உயர் அழுத்த மின்கோபுரம் ஒன்று ஆற்றுக்குள் சாய்ந்தது. அந்த மாதிரிக் கம்பியும் இரும்பும் கிடக்கும் தண்ணீரில் படகு ஓட்டுகிறவருக்கு மோட்டாரின் வேகத்தைவிட அது சொன்னபடி திரும்புவதுதான் உயிர்.

ஸ்டீரிங் பிடிக்கிறது என்று படகு வந்தால் நான் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. ஏறி உட்கார்ந்து திருப்பிப் பார்ப்பேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. எல்லா இடத்திலும் ஒரே அளவு கனமாக இருந்தால் அது கிரீஸ் சம்பந்தப்பட்டது. லேசாகப் போய்க்கொண்டிருந்து ஓரிடத்தில் மட்டும் தடுத்து, தாண்டியதும் மறுபடி லேசானால் கேபிள் எங்கோ மடிந்திருக்கிறது, அல்லது வீலுக்குப் பின்னாலுள்ள பல்சக்கரத்தில் பல் போயிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கடைசியில் ரப்பரை இழுத்தமாதிரி எதிர்த்தால் பெட்ரோல் குழாயையும் பேட்டரி வயரையும் பாருங்கள். யாரோ அவற்றை மிகக் குட்டையாகக் கட்டியிருப்பார்கள். கரையில் லேசாக இருந்து தண்ணீரில் ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் கனத்தால் அது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த வேலைதான் முக்கியமானது. வீல் உள்ள படகாக இருந்தால், கேபிளின் முனையையும் மோட்டாரையும் சேர்க்கும் இணைப்புக் கம்பியின் நட்டைக் கழற்றிவிட வேண்டும். இப்போது வீலும் மோட்டாரும் தனித்தனி. மோட்டாரைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். பிறகு வீலைத் திருப்பிப் பாருங்கள். இரண்டில் எது கனமோ அதில்தான் நோய். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் புதுக் கேபிள் வாங்கி மாட்டிவிட்டு, இன்னும் பிடிக்கிறதே என்று கையைப் பிசைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேபிளில் ஒன்றுமே இருக்காது. மோட்டாரின் கழுத்து இறுகியிருக்கும். திரும்ப மாட்டும்போது அந்த நட்டைப் புதிதாகப் போடுவேன். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு அது; ஒருமுறை கழற்றினால் பிடிப்புக் குறையும். ஆற்று நடுவில் அது கழன்றால் படகு வட்டமடிக்கத் தொடங்கிவிடும்.

டில்லர் மோட்டாரில் இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலை கிடையாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. கழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு திருகோ நெம்புகோலோ இருக்கும். நீண்ட தூரம் நேராக ஓட்டும்போது கை வலிக்காமலிருக்க அதை லேசாக இறுக்கிக்கொள்வது வழக்கம். நம்மூரில் வேறு ஒரு பழக்கம் இருக்கிறது. மோட்டாரை லாரியில் ஏற்றும்போது அது ஆடாமலிருக்க அந்தத் திருகை முழுசாக இறுக்கிவிடுவார்கள். இறக்கியவர் வேறு ஆள், ஓட்டுபவர் வேறு ஆள். ஒரு ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் ஒரு ரப்பர் படகோடு இளைஞர் ஒருவர் வந்தார்.

"அண்ணே, சுத்தமா திரும்ப மாட்டேங்குது. நாளைக்கு அம்மா மண்டபத்துல ட்யூட்டி. புது மோட்டார் கேக்கணுமா?"

"தம்பி, லாரியில எப்படிக் கொண்டாந்தீங்க?"

"படுக்க வச்சுத்தான்ணே. ஆடக்கூடாதுன்னு…" என்று சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். டில்லர் கைக்கு வந்தது. ஆடிப் பதினெட்டில் அம்மா மண்டபம் படித்துறையில் எத்தனை ஆயிரம் பேர் தண்ணீரில் இறங்குவார்கள் என்று திருச்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்துக்கும் ஆற்றின் இழுப்புக்கும் நடுவில் நிற்கும் படகு அது.

ஆனால் எல்லாமே இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. திருகைத் தளர்த்தியும் கனம் குறையாவிட்டால் கழுத்துக்குள் போக வேண்டும். ஸ்விவல் பிராக்கெட் என்று சொல்லும் அலுமினிய உறைக்குள் திருப்புத் தண்டு நிற்கிறது. மேலும் கீழும் தண்டைத் தாங்கும் புஷ் இருக்கும். உறையின் பக்கவாட்டில் ஒன்றிரண்டு கிரீஸ் நிப்பிள். மாதம் ஒருமுறை கிரீஸ் கன்னை வைத்து இரண்டு அழுத்து அழுத்தினால் போதும், இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை. யாரும் அழுத்துவதில்லை. ஏனென்று ஒருநாள் எனக்கே கண்கூடாகத் தெரிந்தது. ஓர் அரசு அலுவலகத்திலிருந்து வந்த மோட்டார். பளபளவென்று சாம்பல் பெயின்ட். நிப்பிளைத் தேடினேன், காணோம். விரலால் தடவிக்கொண்டே போனபோது ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. பெயின்டைச் சுரண்டினால் நிப்பிள். அதன் கீழே இன்னொரு அடுக்குப் பெயின்ட். வருஷா வருஷம் ஆய்வுக்கு முன்னால் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நிப்பிளின் வாய்க்குள் இருக்கும் சின்னக் குண்டுகூடப் பெயின்டில் ஒட்டியிருந்தது. படகு பார்வைக்கு இருந்தது, வேலைக்கு இல்லை. பெயின்ட் அடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நிப்பிள் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கரையில் நிற்கும்போது கிரீஸுக்கு என்ன நடக்கிறது? கிரீஸ் என்பது எண்ணெயும் அதைப் பிடித்துவைத்திருக்கும் சோப்பும். திருச்சி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, எண்ணெய் மெல்லப் பிரிந்து கசிந்து போய்விடும். மிஞ்சுவது சோப்பு. அதோடு கொள்ளிடத்து வண்டல் சேர்ந்திருக்கும். இங்கே ஆழம் குறைவு. மோட்டாரை அடிக்கடி தூக்கித் தூக்கி ஓட்ட வேண்டியிருக்கும். மணல் திட்டில் புரொப்பெல்லர் உழும்போது கலங்கிய தண்ணீர் கழுத்துவரை அடிக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று கடலோரத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும், உப்பு கண்ணுக்குத் தெரிவதால். ஆற்றுப் படகை யாரும் கழுவுவதில்லை, ஆற்றிலிருந்துதானே வந்தது என்று. அந்த வண்டல் கிரீஸோடு கலந்து, காய்ந்து, பழைய வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகிவிடும். நிறமே மாறியிருக்கும், செம்மண் கலந்த கறுப்பு.

அந்த நிலையில் கிரீஸ் கன்னை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது. பலம் கொடுத்தால் நிப்பிள்தான் தெறிக்கும். நான் செய்வது இது. நிப்பிளைக் கழற்றிவிடுவேன். அந்த ஓட்டை வழியாகச் சின்னத் துளைக்கம்பியை, மெஷினில் போடாமல், விரலால் பிடித்து உருட்டி உறைந்த கிரீஸைத் தோண்டி எடுப்பேன். தண்டில் கீறல் விழக்கூடாது என்பதற்காகத்தான் கை. பிறகு துரு இளக்கும் மெல்லிய எண்ணெயை உள்ளே செலுத்துவேன். உறையைச் சுடுகாற்று மெஷினால் சுற்றிலும் மெல்லச் சூடாக்குவேன். பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கக்கூடாது. நெருப்புச் சுடரை எப்போதும் காட்டுவதில்லை. அலுமினியம் சீக்கிரம் சூடேறிவிடும். கை வைத்தால் பொறுக்க முடியாத அளவு போதும். பிறகு மோட்டாரை இடமும் வலமும் அசைக்க வேண்டும். முதலில் ஒரு விரல்கடை அசையும். விடாமல் அசைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி அசைத்து, அப்படியே இரவு விட்டுவிடுவேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் வழி விடும். திரும்பும் அளவு வந்ததும் நிப்பிளைப் போட்டுப் புதுக் கிரீஸ் ஏற்றுவேன். மேல் புஷ் வழியாகவும் கீழ் புஷ் வழியாகவும் கறுப்புக் கிரீஸ் முதலில் வரும், பிறகு சேறு நிறம், கடைசியில் போட்ட கிரீஸின் நிறமே வெளியே வரும். அதுவரை நிறுத்தக்கூடாது. ஒரு முனையில் மட்டும் வந்து இன்னொரு முனையில் வராவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இத்தனைக்கும் அசையாத மோட்டார்களும் உண்டு. புஷ்ஷுக்குப் பின்னால் அலுமினியம் அரித்து, அந்த வெள்ளைப் பொடி இடத்தை அடைத்துக்கொண்டு புஷ்ஷை உள்பக்கமாக நெருக்கியிருக்கும். தண்டு நெருக்கப்பட்டு நிற்கும். அதற்குக் கிரீஸ் மருந்தில்லை. மோட்டாரை இறக்கி, தண்டை உருவி, பழைய புஷ்ஷை எடுத்து, உறையைச் சுத்தம் செய்து புது புஷ் போட வேண்டும். கம்பெனி புஷ் கிடைக்கத் தாமதமானால் அரியமங்கலம் தொழிற்பேட்டைப் பக்கம் லேத்தில் கடைந்து வாங்குவேன். ரயில்வேக்கும் பாய்லர் ஆலைக்கும் வேலை செய்து பழகிய கைகள் உள்ள ஊர் இது. அளவைச் சரியாகக் கொடுத்தால் தலைமுடி அளவுகூடப் பிசகாது.

கனம் வீல் பக்கம் என்று தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டில்ட் டியூப். மோட்டாரைத் தூக்கி இறக்குவதற்கான படுக்கைவாட்டுக் குழாய் அது. கேபிளின் முனையிலுள்ள எஃகுக் கம்பி அந்தக் குழாய்க்குள்தான் போய் வருகிறது. படகை நிறுத்தும்போது அந்தக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், நிற்கும் மாதங்களில் வெளியே உள்ள பகுதியில் மட்டும் அழுக்கும் துருவும் ஏறும். ஆற்றில் தண்ணீர் வந்ததும் வீலைத் திருப்புவார்கள். துரு பிடித்த பகுதி குழாய்க்குள் இழுபடும். உள்ளே காய்ந்த கிரீஸ். இரண்டும் சேர்ந்து ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிடும். வீலை இன்னும் பலமாகத் திருப்பினால் கேபிள் உள்ளுக்குள் முறுகும். சரியாக இருந்த கேபிளும் அத்தோடு முடிந்தது.

இதைக் கழற்றும்போது அவசரப்படுகிறவர்கள் கம்பியின் முனையில் சுத்தியலால் அடிப்பார்கள். முனை விரிந்துவிட்டால் பிறகு அது குழாய் வழியாக எந்தப் பக்கமும் வராது. கேபிளைக் குழாயோடு பிடிக்கும் பெரிய நட்டைக் கழற்றி, எண்ணெய் விட்டு ஊறவைத்து, குழாயைச் சூடாக்கி, பித்தளைக் கட்டையை வைத்துத்தான் தட்ட வேண்டும். கம்பி வெளியே வந்ததும் குழாயின் உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். வட்டக் கம்பி பிரஷ் ஒன்றை நீளக் கம்பியில் கட்டி உள்ளே விட்டு இழுப்பேன். பிறகு துணி. துணி வெள்ளையாக வரும்வரை. இந்தத் தேய்ப்பைத் தவிர்த்துவிட்டுப் புதுக் கேபிள் போட்டால் புதுசும் அடுத்த வருஷம் அதே இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

கேபிள் முனையில் கிரீஸ் நிப்பிள் உள்ள மாடல்களில் ஒரு எச்சரிக்கை. கம்பியை முழுசாகக் குழாய்க்குள் இழுத்துவிட்டுத்தான் கிரீஸ் ஏற்ற வேண்டும். நீட்டிய நிலையில் ஏற்றினால் கிரீஸ் குழாய்க்குள் நிரம்பி, கம்பி திரும்பி வர இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். இறுக்கத்தைப் போக்கப் போட்ட கிரீஸே ஸ்டீரிங்கைப் பூட்டிவிடும். அதுவும் ஓடும்போது நடந்தால் விபரீதம். தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே இது எச்சரிக்கையாக அச்சிட்டிருக்கும். கையேடு பீரோவில் இருக்கும், படகு கொட்டகையில் இருக்கும்.

மோட்டாரும் லேசு, குழாயும் சுத்தம், ஆனாலும் வீல் கனம் என்றால் கேபிளின் உள்பகுதிதான். உறை எங்காவது கிழிந்து தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது படகுக்குள் கூர்மையாக மடக்கிக் கொண்டுபோயிருப்பார்கள். வளைவு ஒரு சாண் ஆரத்துக்குக் குறையக்கூடாது. கேபிளுக்குள் எண்ணெய் விட்டு மீட்கலாம் என்று சிலர் முயல்வார்கள். நான் செய்வதில்லை. நாலு நாள் லேசாகும், பிறகு முன்னைவிட மோசமாகும். கெட்ட கேபிளை மாற்றத்தான் வேண்டும். மனித உயிரை ஏற்றப்போகும் படகில் இதற்குச் சிக்கனம் பார்க்கக்கூடாது.

தண்ணீரில் ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் கனக்கும் விஷயத்துக்கு வருகிறேன். புரொப்பெல்லர் ஒரு திசையில் சுற்றுவதால் மோட்டாரை ஒரு பக்கம் தள்ளும் விசை எப்போதும் இருக்கும். அதைச் சமன்செய்ய, புரொப்பெல்லருக்கு மேலே சின்னத் துடுப்பு ஒன்று தொங்கும். பல மோட்டார்களில் அதுவே அரிப்பைத் தாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டும்கூட. போல்ட்டைத் தளர்த்தி, படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே துடுப்பின் பின்முனையைத் துளி திருப்ப வேண்டும். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். துடுப்பின் மேல் மோதும் தண்ணீர் மோட்டாரை எதிர்ப்பக்கம் தள்ளுவதால்தான் சமமாகிறது. துளி திருப்பி, ஓட்டிப் பார்த்து, இன்னும் வேண்டுமானால் இன்னொரு துளி. மோட்டாரை அளவுக்கு மீறி வெளிப்பக்கம் சாய்த்து ஓட்டினாலும் இதே கனம் வரும். ஆழமில்லாத ஆற்றில் அப்படித்தான் ஓட்டுகிறோம். அதனால் துடுப்பைத் தொடுமுன் ஆழமுள்ள இடத்தில், மோட்டாரைச் சரியான சாய்வில் இறக்கி ஓட்டிப் பார்ப்பேன். ஹைட்ராலிக் ஸ்டீரிங் உள்ள படகுகள் இங்கே என் கைக்கு அதிகம் வருவதில்லை. வந்தவரை எண்ணெய் குறைந்திருக்கும், குழாயில் காற்று புகுந்திருக்கும். எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

எந்தக் கிரீஸ் என்று கேட்பார்கள். தண்ணீரில் கரையாத, படகுக்கென்றே விற்கும் கிரீஸ். சோடியம் சோப்பில் செய்த கிரீஸ் தண்ணீர் பட்டால் பால்போல் கரைந்து ஓடிவிடும். அதைக் கொட்டகைக்குள்ளேயே விடக்கூடாது. இன்னொன்று, வேறு வேறு வகைக் கிரீஸைக் கலக்கக்கூடாது. சில ஜோடிகள் சேர்ந்தால் நீர்த்துவிடும், சில கட்டியாகும். லாரிக்கு வாங்கிய டப்பா மிச்சம் இருக்கிறது என்று அதையே படகுக்கும் போடுவது நம்மூர் வழக்கம். படகின் கிரீஸ் கன் தனியாக இருக்கட்டும். அதன் மேல் பெயின்டால் 'படகு' என்று எழுதிவையுங்கள். பெயின்டுக்குத்தான் பஞ்சமில்லையே.

என்னிடம் வரும் இளைஞர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஜனவரி 28-க்கும் ஜூன் 12-க்கும் நடுவில் செய்ய வேண்டியதைத்தான். படகை ஏற்றியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கழுத்தையும் சேர்த்து. கிரீஸ் ஏற்றுங்கள். வீல் படகாக இருந்தால் கேபிள் கம்பி குழாய்க்குள் இருக்கும் பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள். டில்லராக இருந்தால் திருகைத் தளர்த்தி நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை, கொட்டகையைப் பெருக்க வருகிறவர் செய்தாலும் சரி, மோட்டாரைக் கோடிக்குக் கோடி சில தடவை திருப்பிவிட்டு, திருப்பியபின் கம்பியை மறுபடி உள்ளே நிறுத்துங்கள். மோட்டாரை ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை, பெட்ரோல் வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் ஒரு கொட்டகையில் வயதான காவலாளி ஒருவர் இதைத் தானே எடுத்துக்கொண்டு செய்துவந்தார். சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டுப் படகில் ஏறி வீலைத் திருப்பிவிட்டு இறங்குவார். அந்தப் படகுக்கு நான் ஸ்டீரிங் வேலை பார்த்ததே இல்லை.

மே கடைசியில் முழுச் சோதனை. அப்போது கேபிள் போயிருப்பது தெரிந்தால் ஆர்டர் கொடுத்து வரவழைக்க நாள் இருக்கும். வெள்ளம் வந்தபின் தெரிந்தால் கேபிள் சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வருவதற்குள் ஆறு வடிந்துவிடும். ஆர்டர் கொடுக்கக் கேபிளின் நீள அளவு கையில் இருக்க வேண்டும். பழைய உறையைத் துடைத்துப் பாருங்கள், மேலே ஒரு எண் அச்சிட்டிருக்கும். பல தயாரிப்புகளில் அதன் கடைசி இரண்டு இலக்கம்தான் அடிக்கணக்கில் நீளம். வெயில் பட்டால் அந்த அச்சு அழிந்துவிடும். படிக்க முடிகிறபோதே எழுதி, கொட்டகைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.